வடமாநிலத் தொழிலாளர் வீட்டுக் குழந்தை உங்கள் வகுப்பில் சேரும்போது: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடுகளிலிருந்தும், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்தும், சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டடம் எழும் இடங்களின் தகரக் கொட்டகைகளிலிருந்தும் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகளை நாம் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். "இந்திக்காரப் பிள்ளைகள்" என்கிறோம். இந்த வழிகாட்டி அந்தச் சொல்லை உடைப்பதிலிருந்து தொடங்குகிறது. ஏனெனில் அந்தச் சொல் நீடிக்கும் வரை, ஆசிரியர் எடுக்கும் நல்ல முயற்சிகளில் பாதி தவறான குழந்தையைச் சென்றடைகிறது. தொடக்க வகுப்பு ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

எந்த ஊர், எந்த மொழி

செங்கல் சூளைகளுக்கு வருவோரில் பலர் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாகூட அக்குழந்தைகளுக்குச் சற்றுத் தள்ளியே நிற்கும், இந்தி அதைவிடத் தொலைவு. பீகாரிலிருந்து வரும் குடும்பம் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசலாம். ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பம் சந்தாலி பேசுவதாக இருந்தால், அதற்கு 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி என்னும் தனி எழுத்தே உண்டு. குருக் மொழி பேசும் ஒராவோன் பழங்குடிக் குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால் ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது: அது திராவிட மொழி. அதில் "நான்" என்பதற்கு "ஏன்", "நீ" என்பதற்கு "நீன்", "கண்" என்பதற்குக் கிட்டத்தட்ட "ஃகன்" என்று சொல்வார்கள். எழுத்தறிவு பெறாத ஒரு தாய் தன் மொழியில் எண்ணிக்கொண்டிருப்பதைக் கேட்டு, மூன்றாம் எண்ணில் நம் "மூன்று" ஒலிப்பதை உணரும் ஆசிரியர், அதற்குப் பிறகு அக்குடும்பத்தை அயலாராகப் பார்ப்பது கடினம்.

ஆகவே சேர்க்கை நாளன்று "இந்தி தெரியுமா?" என்று கேட்காதீர்கள். மேஸ்திரியிடமும் கடைக்காரரிடமும் சமாளிக்கும் அளவுக்கு இந்தி தெரிந்த தந்தை "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். அத்தோடு பதிவேட்டில் தாய்மொழி இந்தி என்று ஏறிவிடும். மாறாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குழந்தை அம்மாவுடன் எந்த மொழியில் பேசுகிறது, ஊரிலுள்ள பாட்டியுடன் எந்த மொழியில் பேசுகிறது, இதற்கு முன் எந்த எழுத்தில் படித்திருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள் வருவது அரிதன்று. பதிவேட்டில் அதற்கு இடமில்லை என்றால் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மொழியின் பெயர் பெற்றோருக்கே தெளிவாகத் தெரியாவிட்டால் மாவட்டத்தின் பெயரைக் கேட்டால் போதும். அதிலிருந்து மொழியை ஓரளவு ஊகிக்கலாம்.

சேர்க்கையில் தடையாகக் கூடாதவை

இந்தப் பகுதியில் சட்டம் தெளிவாக இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தையையும் வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்றோ திருப்பி அனுப்ப இடம் தரவில்லை. பள்ளிக்கே போகாத பத்து வயதுக் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் அல்ல, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, இடைவெளியை நிரப்பச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. இந்த வயதுக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "ஆதார் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பப்படும் சூளைத் தொழிலாளி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க அவரால் முடியாது. முதலில் குழந்தையை வகுப்பில் உட்கார வையுங்கள், ஆவணம் பிறகு வரட்டும். சிக்கல் எழுந்தால் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கு 14417 என்னும் கல்வி உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் சற்று நிதானம் தேவை. நம்முடைய தலைப்பெழுத்து முறை அவர்களிடம் இல்லை. "குமாரி", "தேவி", "காத்தூன்" போன்ற பின்பகுதிகளைக் குடும்பப் பெயர் என்று கருதித் தலைப்பெழுத்தாகச் சுருக்கிவிட்டால், பின்னாளில் ஆதாரும் எமிஸ் (மாநில அரசின் மாணவர் விவரத் தளம்) பதிவும் ஒத்துப்போகாமல் அக்குழந்தை மேல்வகுப்பில் அலைக்கழிய நேரும். ஆங்கில எழுத்துகளை அட்டையில் உள்ளபடியே பதியுங்கள். தமிழில் எழுதும்போது தாயைப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்: இந்தி பேசுவோர் "விகாஸ்" என்பதை வங்காளத் தாய் "பிகாஷ்" என்பார். குழந்தைக்கு அந்த இரண்டாவது ஒலிதான் தன் பெயர்.

முதல் வாரங்கள்

புதிய மொழிச் சூழலில் விழுந்த குழந்தை சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள்கூடப் பேசாமல் இருப்பது இயல்பு. அது கேட்டுக்கொண்டிருக்கும் காலம். அந்த மௌனத்தை மந்தம் என்று பதிந்துவிட்டு, கற்றல் குறைபாடு என்று சந்தேகித்துப் பரிந்துரைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீட்டு மொழியில் பேசும்போது குழந்தை சரளமாக இருக்கிறதா என்று தாயிடம் விசாரித்த பிறகே அப்படிப்பட்ட முடிவுக்குப் போக வேண்டும். வீட்டிலும் பேச்சு குறைவு என்றால் செவித்திறனைச் சோதிக்கச் சொல்வது வேறு விஷயம்.

முதல் நாளே கற்றுத்தர வேண்டிய தமிழ் அ, ஆ அன்று. "தண்ணி வேணும்", "ஒண்ணுக்குப் போகணும்", "வயிறு வலிக்குது", "அவன் அடிச்சான்", "புரியல" ஆகிய ஐந்தும் வந்துவிட்டால் குழந்தையின் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்து, மறுநாள் முதல் பள்ளிக்கு வர மறுத்த குழந்தையை நான் அறிவேன். அது சோம்பல் என்று நாங்கள் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே மொழி பேசும் மூத்த மாணவரைப் பக்கத்தில் அமர்த்துவது நல்லது. ஆனால் அந்த மாணவரையே எந்நேரமும் மொழிபெயர்ப்பாளராக்கினால் இருவரின் படிப்பும் நின்றுபோகும். ஒருபுறம் தன் மொழிக்காரர், மறுபுறம் வாயாடித் தமிழ்க் குழந்தை என்று அமர்த்திப் பாருங்கள். விளையாட்டு மைதானத்தில் வாயாடி கற்றுத்தரும் தமிழுக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது.

கணக்கில் தொடங்குவது குழந்தைக்கு மரியாதை தேடித் தரும், ஏனெனில் தான் அறிவுள்ளவர் என்பதை மொழியின்றிக் காட்ட அங்கே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வங்காள எழுத்தில் நான்கு என்னும் எண் நம் 8ஐப் போலவும், ஏழு என்னும் எண் 9ஐப் போலவும் இருக்கும். ஒடியா எழுத்திலும் நான்கு 8ஐ நினைவூட்டும். மேற்கு வங்காளத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த குழந்தை இரண்டும் இரண்டும் 8 என்று எழுதினால், சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மற்றொன்று, இந்தியில் 1 முதல் 100 வரை ஏறத்தாழ ஒவ்வொரு எண்ணின் பெயரையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும்; தமிழிலோ இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று ஒழுங்காகப் போகும். தொண்ணூறு மட்டும்தான் நம்மவர்களையே தடுமாற வைக்கும். இந்த எளிமையைச் சுட்டிக்காட்டினால் குழந்தைகள் மகிழ்ந்து எண்ணத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்து எங்கே இடறுகிறது

இந்தி, ஒடியா, வங்காள எழுத்துகளில் க வரிசைக்கு நான்கு வல்லின எழுத்துகள், நமக்கு ஒன்று. "பல்" என்பதிலும் "தம்பி" என்பதிலும் இரு வேறு ஒலிகளைக் கேட்கும் குழந்தை, அவற்றுக்கு இரண்டு எழுத்துகளைத் தேடும். "ரெண்டும் ஒரே ப தான்" என்று சொன்னால் அதற்குப் புரியாது, ஏனெனில் அதன் காதுக்கு அவை ஒன்றல்ல. சொல்லின் முதலில் வரும்போதும் இரட்டிக்கும்போதும் அழுத்தமாகவும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் வரும்போது மென்மையாகவும் ஒலிக்கும் என்ற இட விதியை நேரடியாகவே சொல்லிக்கொடுங்கள்; தமிழ்க் குழந்தைகளுக்கு இவ்விதி தேவைப்படாததால் நம் பாடநூல்களில் இதற்கு இடமிருக்காது. பாட்டு–பாடு, பத்து–பந்து, அக்கா–அங்கே என்று இணைகளாகச் சொல்லிப் பயிற்றுவது எனக்குப் பயன்பட்டது.

அடுத்த இடறல் குறில் நெடில். இந்தியில் ஏ, ஓ ஆகியவற்றுக்குக் குறில் எழுத்து இல்லை. ஆகவே "கொடு" என்பதும் "கோடு" என்பதும், "எடு" என்பதும் "ஏடு" என்பதும் ஒன்றாகவே எழுதப்படும். இதைக் கவனக்குறைவு என்று எண்ணாதீர்கள். கைதட்டிக் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பிரித்தால் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ள, ண ஆகிய ஒலிகளில் ஒடியாக் குழந்தைகள் இந்தி பேசும் குழந்தைகளைவிட முன்னே இருப்பார்கள். அந்த ஒலிகள் அவர்கள் மொழியில் உண்டு. ழ எல்லோருக்கும் கடினம். அதற்காக அவர்களை மட்டும் தனியே நிறுத்துவது நியாயமாகாது, நம் வகுப்பிலேயே எத்தனை பேர் அதைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

"அம்மா வந்தான்" என்று ஒரு குழந்தை சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஒடியாவிலும் வங்காளத்திலும் வினைச்சொல் ஆண் பெண் பார்ப்பதில்லை. வந்தான், வந்தாள் என்னும் வேறுபாடே அக்குழந்தைக்குப் புதிது. அந்த இடத்தில் திருத்துவதை விட, "ஆமாம், அம்மா வந்தாங்களா? எப்போ வந்தாங்க?" என்று சரியான வடிவத்தை உங்கள் மறுமொழியில் திருப்பித் தருவது நன்று.

இதைவிடப் பெரிய தவறான புரிதல் மரியாதையில் நேர்கிறது. "டீச்சர், நீ இங்க வா" என்று சொன்ன குழந்தையைத் திமிர் பிடித்தது என்று வெளியே நிறுத்திய நிகழ்வுகள் உண்டு. அக்குழந்தை தமிழை எங்கே கற்றது என்று யோசியுங்கள்: வேலையிடத்தில் தன் தந்தையை நோக்கிச் சொல்லப்படும் "வா, போ, தூக்கு, வை" என்னும் சொற்களிலிருந்து. அதற்குக் கிடைத்த தமிழில் "ங்க" இல்லை. அதன் மொழியிலோ மரியாதைப் படிகள் நம்மைவிட நுணுக்கமானவை. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று, ஒடியாவிலும் வங்காளத்திலும் அவ்வாறே. "உங்க ஊர்ல தாத்தாவ எப்படிக் கூப்பிடுவ? அதுதான் இங்க வாங்க, போங்க" என்று ஒரு முறை சொன்னால் முடிந்துவிடும் வேலை இது.

தெருவில் கற்ற தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தொலைவையும் மறந்துவிடக் கூடாது. "வந்துச்சு" தெரிந்த குழந்தைக்கு "வந்தது" மற்றொரு புதுமொழி. சரளமாகத் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது, இனி உதவி தேவையில்லை என்று ஆசிரியர் கைவிடும் கட்டம் பெரும்பாலும் இதுதான். உண்மையில் பாடநூல் தமிழுக்கான உதவி அப்போதுதான் தொடங்க வேண்டும்.

எண்ணெய், சாம்பார், கேலி

கேலி பெரும்பாலும் வாசனையில் தொடங்குகிறது. நாம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதுபோல் அவர்கள் கடுகு எண்ணெய் தேய்க்கிறார்கள், அவ்வளவுதான். இதை வகுப்பில் சாதாரணமாக, யாரையும் சுட்டாமல், எண்ணெய் வித்துகள் பற்றிய பாடத்தின் நடுவே சொல்லிவிடலாம். காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவையும் மதிய சாம்பாரின் புளிப்பையும் முதல் நாட்களில் ஒதுக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சோறும் முட்டையும் தனியாகக் கேட்டால் கொடுங்கள், சில குடும்பங்கள் முட்டை உண்பதில்லை என்பதால் முதலிலேயே விசாரித்து வாழைப்பழம் கிடைக்கச் செய்யுங்கள். ஒடிசாவில் பக்காளா என்று ஓர் உணவு உண்டு. நீரூற்றி வைத்த பழைய சோறுதான் அது. நம் பழைய சோற்றைப் பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்து நின்று அதன் பெயரைச் சொன்னாள்.

"வடக்கன்" என்னும் சொல்லை வகுப்பில் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அது வீட்டிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வருகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பல குடும்பங்கள் அஞ்சின. அத்தகைய நாட்களில் வருகைப் பதிவேட்டில் "வரவில்லை" என்று குறிப்பதோடு நில்லாமல், வகுப்பாசிரியர் தம் குரலில் ஒரு செய்தி அனுப்பினாலே மறுநாள் குழந்தையை அனுப்பும் துணிவு பெற்றோருக்கு வரலாம்.

பெற்றோரிடம் பேசுவது

அச்சிட்ட சுற்றறிக்கையால் இங்கே பயனில்லை. தமிழ் படிக்கத் தெரியாத தாய்க்கும், எந்த எழுத்தும் படிக்கத் தெரியாத தந்தைக்கும் வாட்ஸ்அப் குரல்செய்தியே தகுந்த வழி. கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா 2020 முதலும், போஜ்புரி, மைதிலி, அசாமி ஆகியவை 2022 முதலும் இருக்கின்றன. ஆனால் அது தரும் வாக்கியத்தை அப்படியே அனுப்பாமல், சிறு சிறு வாக்கியங்களாக உள்ளிட்டு, அம்மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது பாதுகாப்பு. நேரில் பேசுவதற்கு மொழிபெயர்க்க ஆள் தேடும்போது மேஸ்திரியையோ, ஆட்களை அழைத்துவந்த சர்தாரையோ கூப்பிடாதீர்கள். முன்பணம் வாங்கியிருக்கும் தொழிலாளி அவர் முன்னிலையில் "மூத்த மகளும் கல் அறுக்கிறாள்" என்று சொல்ல மாட்டார். குழந்தையையே மொழிபெயர்க்கச் சொல்வதும் தகாது, அதிலும் அதன் மதிப்பெண் பற்றிய பேச்சு என்றால். சில ஆண்டுகளாக இங்கே குடியிருக்கும் அதே ஊர்ப் பெண் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்டிருக்க வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில் அவருக்கு ஓரிடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

சந்திக்கும் நேரத்தை அவர்களின் வேலையைப் பார்த்து வையுங்கள். வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "அக்கறையில்லாத பெற்றோர்" என்று எழுதுவது முறையன்று. ஞாயிறு காலை லைன் வீட்டுக்கு நேரில் சென்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்து குடும்பங்களைப் பார்த்துவிடலாம்.

மூத்த பெண் குழந்தை வாரத்தில் மூன்று நாள் வராமலிருந்தால், காரணம் பெரும்பாலும் தம்பி தங்கை. அறிவுரை சொல்வதை விட்டு, அந்தச் சின்னக் குழந்தையை அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்க்க உடன் செல்லுங்கள். இந்த ஒரு செயல் மீட்டுத் தந்த வருகை நாட்களை வேறு எந்த முயற்சியும் எனக்குத் தந்ததில்லை. தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்த ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டப்படி, சொந்த மாநில அட்டையை வைத்தே இங்கே தானியம் வாங்கலாம் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியாது, சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்போது "வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரைகுறைத் தமிழில் அதட்ட மட்டும் தெரிந்த தாயைவிட, சம்பல்புரியில் கதை சொல்லும் தாய் குழந்தையின் படிப்புக்குப் பெரிய துணை. ஒரு மொழியில் படிக்கக் கற்ற குழந்தை இரண்டாவது எழுத்தை விரைவில் பிடித்துக்கொள்ளும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் இலவசமாகக் கிடைக்கும். பிற மாநிலப் பாடநூல்கள் மத்திய அரசின் தீக்ஷா இணையதளத்தில் உண்டு. தமிழ்ப் பதிப்பை வகுப்பில் படித்து, மற்றதைத் தாயின் கைபேசிக்கு அனுப்புங்கள்.

திருவிழா விடுப்பையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பீகார்க் குடும்பங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது அதை அடுத்து ஆறாம் நாள் வரும் சட் பூசை. மேற்கு ஒடிசாவினருக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் நுவாகாய், அதாவது புத்தரிசி விழா. சூளைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த விழாவுக்குப் பிறகே ஊரைவிட்டுக் கிளம்புகின்றன என்பதால், ஜூனில் நாம் நடத்தும் சேர்க்கை இயக்கத்தில் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சூளைப் பகுதிப் பள்ளிகள் டிசம்பரிலும் ஜனவரியிலும் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும்.

ஊர் திரும்பும்போது

மழைக்கு முன்பாக, மே, ஜூன் வாக்கில் சூளைக் குடும்பங்கள் திடீரென்று கிளம்பிவிடும். சில சமயம் கணக்கு முடிந்த இரவே. ஆகவே மார்ச் மாதமே ஓர் உறையைத் தயார் செய்து வையுங்கள். எமிஸ் எண், எந்த வகுப்பில் எத்தனை நாள் படித்தது என்னும் சான்று, கணக்கிலும் வாசிப்பிலும் குழந்தை எதைச் செய்ய வல்லது என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ அரைப்பக்கக் கடிதம், அதன் நோட்டுப்புத்தகம் ஒன்று, இவை போதும். கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் தருவது தலைமை ஆசிரியரின் சட்டப்படியான கடமை. உறையின் மேல் உங்கள் பள்ளியின் கைபேசி எண்ணை எழுதுங்கள், ஊரிலுள்ள பாட்டனாரின் எண்ணை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடம் மாறும்போதெல்லாம் தந்தையின் எண் மாறிவிடுகிறது. பாட்டனாரின் எண் பெரும்பாலும் மாறுவதில்லை. அடுத்த டிசம்பரில் அந்தக் குடும்பம் எந்தச் சூளைக்கு வந்திருக்கிறது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.